சுக்கான் பிடித்த உடைமை

துறைமுகத்திலே ஒரு கப்பல் நிற்கிறது. அதற்கோர் உரிமையாளர் உண்டு. அந்தக் கப்பலின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் நிற்கிறானே, அவனுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு! மரமும் இரும்பும் சேர்ந்த கலம் ஒருவர் கணக்கிலே. தசையும் குருதியும் கொண்ட மனிதன் மற்றொருவர் கணக்கிலே. இரண்டுக்கும் விலை உண்டு. இரண்டுக்கும் வாடகை உண்டு. இரண்டையும் விற்கலாம், வாங்கலாம், அடகு வைக்கலாம். 1862ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள், விடியலுக்குச் சற்று முன்னர், அமெரிக்க நாட்டுத் தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் துறைமுகத்தில், உடைமை ஒன்று மற்றோர் உடைமையைச் செலுத்திக்கொண்டு, உரிமையாளர்களின் கைக்கு எட்டாத கடலுக்குப் போய்விட்டது!

கப்பலின் பெயர் பிளான்டர். செலுத்தியவன் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். வயது 23. பிளான்டர் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன தெரியுமோ, தோழர்களே? தோட்ட முதலாளி! அடிமைகளின் உழைப்பை உறிஞ்சிப் பருத்தி விளைத்த அந்தச் சீமான்களின் பட்டப் பெயரையே நெற்றியில் எழுதிக்கொண்டிருந்த கப்பலைத்தான் ஓர் அடிமை ஓட்டிச் சென்றான்.

1839ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பியூஃபர்ட் என்னும் சிற்றூரில், பிரின்ஸ் தெருவிலே இருந்த ஒரு மாளிகையின் கொல்லைப்புறக் குடிலில் அவன் பிறந்தான். தாய் லிடியா, அந்த மாளிகையின் வேலைக்காரி. மக்கீ குடும்பத்தின் உடைமை. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். தந்தை யார் என்று சட்டம் கேட்பதில்லை. கேட்டால் பல மாளிகைகளின் மானம் போய்விடும்! மாளிகையின் செல்லப் பிள்ளைபோல் வளர்கிறானே, அடிமை வாழ்வின் கொடுமை அறியாமலேயே பெரியவனாகிவிடுவானே என்று அந்தத் தாய் அஞ்சினாளாம். அதனால் சவுக்கடி விழும் இடத்துக்கும் மனிதர்கள் ஏலம் விடப்படும் இடத்துக்கும் மகனை அழைத்துச் சென்று காட்டினாள் என்பர். பள்ளிக்கூடம் அனுப்ப அவளால் முடியாது. அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்று 1834இல் தென் கரோலினா சட்டமே செய்திருந்தது. அவள் காட்டிய அந்த இரண்டு இடங்களும்தாம் அவன் கற்ற அரிச்சுவடி.

பன்னிரண்டு வயதில் அவனைச் சார்லஸ்டன் நகருக்கு அனுப்பினார்கள், வாடகைக்கு! மாட்டை ஏருக்கு வாடகை விடுவதுபோல மனிதனை வேலைக்கு வாடகை விடுவது அந்நகர வழக்கம். வாடகைக்கு விடப்பட்ட அடிமை செப்புத் தகடு ஒன்றை அணிந்துகொள்ள வேண்டும். அதிலே ஆண்டும் எண்ணும் தொழிலின் பெயரும் பொறித்திருக்கும். வேலைக்காரன், கூலிக்காரன், கைவினைஞன், மீனவன் என்றெல்லாம் இருக்கும். மனிதனின் பெயர் மட்டும் இராது. தகட்டுக்கு ஆண்டுதோறும் நகராட்சிக்குக் கட்டணமும் உண்டு. சிறுவன் உணவு விடுதியிலே பணிசெய்தான். தெரு விளக்கு ஏற்றினான். பிறகு துறைமுகம் சேர்ந்தான். மூட்டை சுமந்தான், கயிறு முறுக்கினான், பாய் தைத்தான், முடிவில் சுக்கானைப் பிடித்தான். ஊதியத்திலே வாரத்துக்கு ஒரு டாலர் அவனுக்கு, மிச்சமெல்லாம் மக்கீக்கு.

கடல் அவனுக்கு ஏன் பிடித்திருந்தது என்பதைவிட, கடலைக் கண்டு முதலாளிமார் ஏன் அஞ்சினர் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடல் செய்தி கொண்டுவரும்! ஹெய்ட்டித் தீவிலே அடிமைகள் எழுந்தார்கள், வென்றார்கள், 1804இல் தங்களுக்கென ஓர் அரசு கண்டார்கள் என்ற சேதியை, பத்திரிகை படிக்கத் தெரியாத அடிமைகளின் காதிலே ஓதியது யார்? கப்பலிலே வந்த கறுப்பு மாலுமிகள்! சார்லஸ்டனில் டென்மார்க் வீசி என்றொருவர் இருந்தார். கப்பல் தலைவன் ஒருவனிடம் அடிமையாக இருந்து, 1799இல் பரிசுச் சீட்டிலே விழுந்த பணத்தில் 600 டாலர் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்ட தச்சர். 1822இல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று கூறி அவரையும் 34 பேரையும் தூக்கிலே போட்டனர். அதே ஆண்டில் தென் கரோலினா ஒரு சட்டம் செய்தது. எந்த நாட்டுக் கப்பலாயினும் சரி, அதிலே கறுப்பு மாலுமி, உரிமை பெற்ற மாலுமியாகவே இருந்தாலும், இருப்பானானால், கப்பல் துறையை விட்டுப் புறப்படும் வரை அவனைச் சிறையில் வைக்க வேண்டும். சிறைச் செலவைக் கப்பல் தலைவன் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த மாலுமியை அடிமையாக விற்றுவிடலாம்! சரக்கு இறங்கலாம், சாராயம் இறங்கலாம், சேதி மட்டும் இறங்கக் கூடாது. ஆதிக்கத்தின் அறிவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்; எது தன்னைக் கொல்லும் என்பது அதற்கு நன்றாகவே தெரியும்.

சட்டம் போதாதென்று வேதமும் துணைக்கு வந்தது. பெருவெள்ளத்திலே பேழை செலுத்திப் பிழைத்த நோவா, குடித்து மயங்கிக் கிடந்து, விழித்தெழுந்து, மகன் காமின் வழியினரை அடிமைகளாகுக என்று சபித்தானாம். அந்தக் காமின் வழியினரே கறுப்பர். ஆகவே அடிமைத்தனம் ஆண்டவன் கட்டளை என்று தென்னாட்டுப் பாதிரிமார் பலர் மேடைதோறும் முழங்கினர். ஆதிக்கக்காரனுக்கு எப்போதும் ஓர் ஏடு கிடைத்துவிடுகிறது! அந்த ஏட்டிலே எவனோ ஒருவன் சபித்திருப்பான், அல்லது எவனோ ஒருவனின் காலிலிருந்து எவனோ பிறந்திருப்பான். கதைகள் வேறு, கணக்கு ஒன்று. சபித்தவனும் கப்பல்காரன், சாபத்தைக் கிழித்தெறிந்தவனும் கப்பல்காரன் என்பது வரலாறு நமக்களிக்கும் சிறு விருந்து.

சார்லஸ்டன் துறைமுகம் எளிய துறைமுகமன்று. வாயிலிலே மணல்திட்டு. உள்ளே ஓதத்துக்கேற்ப ஏறி இறங்கும் நீரோட்டங்கள். தெற்கே தீவுகளும் கழிகளும் சதுப்புகளும் பின்னிப் பிணைந்து கிடக்கும். காலையில் கப்பல் மிதந்த இடத்தில் மாலையில் நாரை நிற்கும். அந்த நீர்வழிகளை ஸ்மால்ஸ் ஏட்டிலே படிக்கவில்லை, உள்ளங்கையிலே எழுதிக்கொண்டான். நீரின் நிறம் பார்த்து ஆழம் சொல்வான். எந்த ஓதத்தில் எந்தக் கழி திறக்கும், எந்தக் கோட்டைக்கு எந்தச் சைகை என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கலம் செலுத்தி வழிகாட்டும் அறிவாளனுக்கு நம் மொழியிலே மீகாமன் என்று அழகான பெயர் உண்டு. ஆங்கிலத்திலும் அதற்கொரு சொல் உண்டு. ஆனால் அந்தச் சொல் வெள்ளையருக்கு மட்டுமே உரியது! வேலை அதேதான், ஆபத்து அதேதான். கறுப்பன் செய்தால் அவன் ‘சக்கரக்காரன்’, சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கும் கூலி. தொழிலைக் கொடுத்துவிட்டுத் தொழிலின் பெயரைக் கொடுக்க மறுக்கும் வித்தை நமக்கும் தெரியாததா என்ன?

1856இல் ஸ்மால்ஸ் மணம் புரிந்தான். மனைவி ஹன்னா, விடுதிப் பணிப்பெண், மற்றொருவரின் உடைமை. பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கணத்திலேயே அது தாயின் எசமானுக்குச் சொந்தம்! கூடிவாழ விடுவதற்காக ஸ்மால்ஸ் தன் எசமானுக்குத் திங்களுக்கு 15 டாலர் கட்டினான். மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்க 800 டாலர் என்று பேச்சு முடிந்தது. பெற்ற தந்தை பிள்ளைக்கு விலை பேசுகிறான்! நள்ளிரவு வரை உழைத்தும், சில்லறை வாணிகம் செய்தும் சேர்த்துப் பார்த்தான், பணம் சேரவில்லை. அதற்குள் 1861 ஏப்ரலில், அதே துறைமுகத்தின் சம்டர் கோட்டை மீது தென்னாட்டார் குண்டு வீச, உள்நாட்டுப் போர் மூண்டது.

பிளான்டர், 1860இல் சார்லஸ்டனிலேயே கட்டப்பட்ட பருத்திக் கப்பல். இருபுறமும் துடுப்புச் சக்கரம் சுழலும் நீராவிக் கலம். நீளம் ஏறத்தாழ 147 அடி. ஆழமில்லாக் கழிகளிலும் செல்லவல்லது. உரிமையாளர் ஜான் ஃபெர்குசன். தென்னாட்டுப் படை அதை வாடகைக்கு எடுத்துப் பீரங்கி ஏற்றியது. தளபதி ரிப்ளியின் பணிக்கு விட்டது. வெள்ளை அதிகாரிகள் மூவர்: தலைவன் ரெலியா, துணைவன், எந்திரப் பொறுப்பாளன். மற்றோர் யாவரும் கறுப்பர்கள். இரவிலே அதிகாரிகள் கப்பலிலேயே தங்க வேண்டும் என்பது கட்டளை. ஆனால் வீடு அருகிலிருந்தது, மனைவி மக்கள் இருந்தனர், கப்பலிலே இருப்பவர்களோ ‘வெறும் அடிமைகள்’. மூவரும் இரவில் இறங்கிப் போய்விடுவர். சக்கரக்காரனுக்குச் சிந்தனை இருக்கும் என்று அவர்கள் சிந்திக்கவில்லை.

ஒருநாள் கப்பலிலே யாரோ ரெலியாவின் தொப்பியை எடுத்து ஸ்மால்ஸ் தலையிலே வைத்து, அசல் தலைவனைப்போலவே இருக்கிறாயே என்று நகைத்தனராம். நகைப்பு அடங்கியது; எண்ணம் அடங்கவில்லை. கூட்டாளிகளைத் தனியே வீட்டுக்கு வரவழைத்துப் பேசினான். அங்கேதான் அவன் தலைவனானான் என்பேன், அரசு அவனுக்கு அப்பதவியைத் தருவதற்கு ஆண்டொன்றுக்கு மேல் முன்னரே! தலைமை என்பது உரத்த குரலன்று. யாரிடம் எதைச் சொல்வது, எதை எப்போது வரை சொல்லாதிருப்பது என்று அறிந்தான். ஒருவன் வாய் தவறினால் அத்தனை பேர் கழுத்திலும் கயிறு. தப்பினால் எல்லோரும் தப்புவது, சிக்கினால் உயிரோடு சரணடைவதில்லை, கப்பலை மூழ்கடிப்பது, அதுவும் முடியாவிட்டால் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று முடிவு செய்தனர். அந்த முடிவை அவன் கட்டளையாக இடவில்லை, உடன்பாடாகப் பெற்றான். மகளிர் உடன்பட்டது இன்னும் பெரிது. அவர்கள் மடியிலே குழந்தைகள் இருந்தனவே!

மே 12 அன்று கப்பலிலே நான்கு பீரங்கிகள் ஏற்றப்பட்டன, வேறொரு கோட்டைக்குக் கொண்டுசெல்ல. வெடிமருந்தும் உண்டு. கப்பலின் சொந்தப் பீரங்கிகள் இரண்டு வேறு. அதிகாரிகள் வழக்கம்போல் இறங்கிப் போனார்கள். விடியற்காலை 3 மணியளவில் கொதிகலம் எரிந்தது, நங்கூரம் எழுந்தது. கரையிலே காவல், தளபதியின் அலுவலகமோ கண்ணுக்கெட்டும் தொலைவு. புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பினால் ஊரே பார்க்கும். பார்த்தார்கள், பிளான்டர்தானே, வேலைக்குப் புறப்படுகிறது என்று விட்டுவிட்டார்கள். கப்பல் நேரே கடலுக்குச் செல்லவில்லை. எதிர்த்திசையிலே திரும்பி, மற்றொரு துறையிலே ஒளிந்திருந்த பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. தனியே தப்ப நினைப்பவனுக்கு அது வீண் சுற்று. அவனுக்கோ அதற்காகத்தான் பயணமே. மொத்தம் 16 உயிர்கள்.

இனிமேல்தான் கடலோடியின் கைவன்மை. விரைந்தால் ஐயம் வரும். தயங்கினால் பொழுது விடிந்து முகத்தின் நிறம் தெரிந்துவிடும். இருட்டிலே சென்றால் எதிரி என்று சுடுவார்கள். வெளிச்சத்திலே சென்றால் அடிமை என்று சுடுவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட மங்கல் வேளையில் சம்டர் கோட்டையைக் கடக்க வேண்டும்! ஸ்மால்ஸ் ரெலியாவின் மேலங்கியை அணிந்தான். அகன்ற வைக்கோல் தொப்பியை வைத்தான். ரெலியா எப்படிக் கைகட்டிச் சாய்ந்து நிற்பானோ அப்படியே சாய்ந்து நின்றான். ஒவ்வொரு கோட்டையாகக் கடந்தது கப்பல். சம்டரை நெருங்கியபோது மணி நாலரை இருக்கும். உடனிருந்தவர்கள் கோட்டையைவிட்டு விலகிப் போகலாம் என்று மன்றாடினர். அவனோ வழக்கமான வழியிலேயே, வழக்கமான வேகத்திலேயே செலுத்தினான். வழக்கத்துக்கு மாறினால் அதுவே காட்டிக்கொடுக்கும் என்றான். ஊதுகுழலின் கயிற்றை இழுத்தான். இரண்டு நீண்ட ஒலி, ஒரு குறுகிய ஒலி. கோட்டைக் காவலன் வடவரைத் திட்டி ஏதோ கூவினான். ஸ்மால்ஸ், ஆகட்டும் என்பதுபோல் மறுமொழி தந்தான். கீழே பெண்கள் மூச்சை அடக்கிக் கிடந்தனர். பீரங்கி முழங்கவில்லை.

குண்டு எட்டாத தொலைவு சென்றதும் வேகம் பிறந்தது. தென்னாட்டுக் கொடி இறங்கியது. படுக்கை விரிப்பு ஒன்று வெள்ளைக் கொடியாக ஏறியது. அதை ஹன்னா கொண்டுவந்திருந்தாள் என்பர். ஆயினும் ஆபத்து முடியவில்லை. முற்றுகையிட்டு நின்ற வடநாட்டுக் கப்பல் ‘ஆன்வார்ட்’, பனிமூட்டத்திலே பகைக் கப்பல் பாய்ந்து வருகிறதென்று பீரங்கிகளைத் திருப்பிவிட்டது. கதிரவன் எழுந்த அந்தக் கணத்திலே யாரோ ஒரு மாலுமியின் கண்ணில் வெள்ளைத் துணி பட்டது, பிழைத்தனர். அமெரிக்க அரசின் பழைய பீரங்கிகள் சிலவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான் ஸ்மால்ஸ்.

பீரங்கியைவிட அவன் தலையிலே இருந்த சரக்கு பெரிது. எங்கெங்கே கண்ணிவெடி வைக்கப்பட்டிருக்கிறது, கோட்டைகளிலே எத்தனை பேர், சைகைகள் எவை என அனைத்தும் சொன்னான். கோல்ஸ் தீவைத் தென்னாட்டார் கைவிட்டுவிட்டனர் என்றும் சொன்னான். அதைக் கேட்டே ஒரு வாரத்துக்குள் வடநாட்டுப் படகுகள் ஸ்டோனோ ஆற்று முகத்தைக் கைப்பற்றின. சார்லஸ்டனிலோ ஒரே கொதிப்பு! அடிமைகள் தாமே திட்டமிட்டிருக்க முடியாது, எவனோ வெள்ளையன் தூண்டியிருப்பான் என்று பலர் கருதினர். திருட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். அறிவு இருந்தது என்பதைத்தான் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். அதிகாரிகள் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர்.

கைப்பற்றிய கலத்தின் மதிப்பிலே பாதியைக் கைப்பற்றியவர்களுக்குத் தர வேண்டும் என்று அமெரிக்கப் பேரவை 1862 மே 30இல் சட்டம் இயற்றியது. மதிப்பிட்டவர்கள் கப்பலுக்கும் பொருளுக்கும் வைத்த விலை ஏறத்தாழ 9,000 டாலர்! ஸ்மால்ஸுக்குக் கிடைத்தது 1,500. பின்னாளில், 1883இல், பேரவைக் குழுவொன்று ஆராய்ந்து, உண்மை மதிப்பு 67,000 டாலர் அளவிலே இருக்கும் என்றது. மிச்சத்தில் ஒரு பகுதி, 3,500 டாலர், அவருக்கு வந்து சேர்ந்தது 1900இல். முப்பத்தெட்டு ஆண்டுகள்! அடிமை முதலாளி வாரந்தோறும் தவறாமல் வாங்கிக்கொண்டான். விடுதலை அரசு கொடுக்க இவ்வளவு காலம் பிடித்தது.

1862 ஆகஸ்டில் ஸ்மால்ஸ் வாஷிங்டன் சென்றார். ஆம், இனி ‘சென்றார்’ என்றே எழுதுவோம். பாதிரியார் மான்ஸ்ஃபீல்ட் ஃபிரெஞ்சுடன் போர் அமைச்சர் ஸ்டான்டனைக் கண்டு, கறுப்பரைப் படையிலே சேருங்கள் என்று வாதாடினார். 5,000 பேர் வரை சேர்க்க ஆணை பிறந்தது. 1863 ஏப்ரலில் சம்டரைத் தாக்கிய ‘கியோகக்’ என்ற இரும்புக் கலத்துக்கு அவரே வழிகாட்டி. ஏறத்தாழ 90 குண்டுகள் துளைத்தும் கலத்தை வெளியே கொண்டுவந்தனர். மறுநாட் காலையில்தான் அது மூழ்கியது.

அந்த ஆண்டின் இறுதியில் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டும். பிளான்டர் இப்போது வடநாட்டுப் படையின் போக்குவரத்துக் கலம். தலைவன் ஒரு வெள்ளையன்; வழிகாட்டி ஸ்மால்ஸ். ஃபாலி தீவுக் கழியிலே இருபுறமிருந்தும் குண்டுமாரி. தலைவன் சரணடைந்துவிடலாம் என்றான். ஸ்மால்ஸ் மறுத்தார். வெள்ளையன் பிடிபட்டால் போர்க்கைதி. கறுப்பன் பிடிபட்டால் தூக்குமரம், அல்லது மீண்டும் ஏலமேடை. ஒரே கலத்தில் இருந்தாலும் எல்லோரும் ஒரே ஆபத்தில் இல்லை என்பதை அந்தக் குண்டுமாரியிலே அவர் மறக்கவில்லை. தலைவன் ஓடி நிலக்கரி அறைக்குள் ஒளிந்துகொண்டான்! ஸ்மால்ஸ் சுக்கானைப் பிடித்தார், கப்பலைக் காத்தார். கரியறைத் தலைவன் நீக்கப்பட்டான். திங்களுக்கு 150 டாலர் ஊதியத்தில் ஸ்மால்ஸ் பிளான்டரின் தலைவரானார். தலைமைக்குத் தோல் ஒரு தகுதி என்று நம்பியவர்கள் அந்தக் கரியறையை எட்டிப் பார்த்திருக்கலாம். உள்ளே போனவன் வெளியே வந்தபோது அவனும் கறுப்பாகத்தான் இருந்திருப்பான்.

அதே கப்பலைப் பழுது பார்க்க 1864இல் ஃபிலடெல்ஃபியா சென்றார். அது வடநாடு, அடிமையில்லா மண். அங்கே டிராம் வண்டியிலே ஏறிய கப்பல் தலைவரை, உள்ளே உட்காரக் கூடாது, வெளிப்படியிலே நில் என்றனர். அவர் இறங்கி நடந்தார். செய்தி பரவியது, கிளர்ச்சி வளர்ந்தது, 1867இல் பென்சில்வேனியா அந்த வேற்றுமையைச் சட்டத்தால் ஒழித்தது. அந்நகரிலே இருந்த திங்கள்களில்தான் ஆசிரியரை அமர்த்திக்கொண்டு அவர் எழுத்துக் கற்றார், 25 வயதில்.

கற்றவர் தமக்கு மட்டும் கற்கவில்லை. 1868இல் தென் கரோலினாவின் அரசியலமைப்பு மன்றத்திலே அமர்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வேண்டும் என்றார். எழுத்தறிவு குற்றமாயிருந்த மண்ணிலே அது கடமையாயிற்று! சட்டமன்றம், பிறகு 1875 முதல் அமெரிக்கப் பேரவை. துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கும்பல்கள் வாக்குச்சாவடிகளை வளைத்த காலம் அது. 1877இல் கையூட்டு வழக்கிலே தண்டிக்கப்பட்டார். 1879இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அரசியல் பகையின் வேலை அது என்றே அவர் கடைசிவரை கூறினார். 1895இல் கறுப்பரின் வாக்குரிமையைப் பறிக்கவே கூட்டப்பட்ட மன்றத்திலே கறுப்பர் அறுவர் மட்டுமே இருந்தனர். அவருள் ஒருவர் ஸ்மால்ஸ். எழுத்தறிவு இல்லாதவனுக்கு வாக்கில்லை என்றார்கள், எழுத்தறிவைத் தடைசெய்தவர்களின் பிள்ளைகள்! ஸ்மால்ஸ் எதிர்த்துப் பேசினார், தோற்றார், அந்தச் சட்டத்திலே கையொப்பமிட மறுத்தார்.

பிளான்டரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பின் அது மீண்டும் வாணிகக் கப்பலாயிற்று. 1876இல் ரொமெய்ன் முனையருகே தரைதட்டி நின்ற ஒரு கப்பலை மீட்கப் போய், தானும் சேதமுற்று, புயலிலே அழிந்தது. குடும்பத்திலே ஒருவரை இழந்ததுபோல் இருக்கிறதென்று ஸ்மால்ஸ் வருந்தினாராம்.

மற்றோர் உடைமை எஞ்சியிருக்கிறது, வீடு. பிரின்ஸ் தெருவிலே எந்த மாளிகையின் கொல்லைக் குடிலில் பிறந்தாரோ, அந்த மாளிகை போர்க்காலத்திலே வரிபாக்கிக்காக ஏலத்துக்கு வந்தது. ஸ்மால்ஸ் வாங்கினார். மனிதர்களை ஏலமெடுத்தவர்களின் வீட்டை, ஏலம் போகக்கூடியவனாயிருந்த மனிதன் ஏலமெடுத்தான்! பழைய உரிமையாளர் வழக்காடினார். 1878இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஸ்மால்ஸின் பக்கமே தீர்ப்பளித்தது. கணவனையும் செல்வத்தையும் இழந்து, நினைவு தடுமாறித் திரும்பிவந்த மக்கீயின் மனைவியை, அவள் தன் வீடென்றே எண்ணியிருக்கட்டும் என்று அந்த வீட்டிலேயே தங்க வைத்தார் என்பது அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

1915 பிப்ரவரி 23இல் பியூஃபர்ட்டில் ஸ்மால்ஸ் மறைந்தார். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கு, அடிமை முதலாளிகளின் படை 1863இல் வெற்றிபெற்ற சான்சலர்ஸ்வில் களத்தின் பெயரை இட்டிருந்தனர். 2023இல் அந்தப் பெயரை அழித்துவிட்டு, ராபர்ட் ஸ்மால்ஸ் என்று எழுதினர்.